ஆட்டத்தாளில் ஏறாத கணக்கு

கோட்டயத்தை அடுத்த கொல்லாடு என்னும் ஊரைச் சேர்ந்தவர் கீது அன்னா ஜோஸ். 1985-ஆம் ஆண்டு பிறந்த இவர், ஆறடிக்கும் மேற்பட்ட உயரமும் அவ்வுயரத்துக்கு ஈடான வேகமும் வாய்ந்த கூடைப்பந்து ஆட்டக்காரர். தெற்கு இரயில்வேயில் பணியேற்றுச் சென்னையைத் தம் ஆட்டத்தின் இருப்பிடமாக்கிக்கொண்டார். 2006-ஆம் ஆண்டில், இருபத்தொரு வயதில், ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் என்னும் கழகத்துக்காக விளையாடச் சென்றார். இந்தியப் பெண் ஒருவர் அந்நாட்டுக் கழகம் ஒன்றுக்காகக் கூடைப்பந்து ஆடியது அதுவே முதன்முறை. பின்னர் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். 2011-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மகளிர் தொழில்முறைக் கூட்டமைப்பைச் சேர்ந்த மூன்று அணிகள் இவரைத் தேர்வுப் பயிற்சிக்கு அழைத்தன. 2014-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் இவருக்கு வழங்கப்பட்டது.

வேலையின் பொருட்டு மாநில எல்லையைக் கடந்து வாழ்வது எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதன்று. தமிழகத்திலிருந்து கேரளத்துக்கு வந்தோர் பலர். கீது சென்ற திசை அதற்கு நேர்மாறானது. அவரது வாழ்க்கை வரலாற்றை நான்கு வரிகளில் சொல்லிவிடலாம். ஆனால் அவர் களத்தில் இருந்தமையால் அவரது அணிக்கு விளைந்த நன்மை எவ்வளவு என்னும் வினாவுக்கு நான்கு வரிகள் போதா. ஒரு தனி ஆட்டக்காரரின் பங்கை ஐவர் சேர்ந்து ஆடும் ஆட்டத்திலிருந்து பிரித்தெடுத்து எண்ணால் அளப்பது எப்படி? புள்ளியியல் இவ்வினாவோடு நெடுங்காலமாகப் போராடி வருகிறது.

கூடைப்பந்து 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியரால் உருவாக்கப்பட்டது. பீச் பழம் வைக்கும் கூடைகளே முதலில் இலக்குகளாயின. முதல் ஆட்டம் 1–0 என முடிந்தது. அன்று கணக்கெழுத ஒரு விரல் போதுமானதாக இருந்தது. இன்றைய ஆட்டத்தில் ஓர் அணி நாற்பது நிமிடங்களில் எழுபது, எண்பது புள்ளிகள் எடுப்பது இயல்பு. ஆயினும், உலகெங்கும் வழங்கும் அதிகாரப்பூர்வ ஆட்டத்தாளில் இன்றும் பதிவாவன சிலவே. எந்த ஆட்டக்காரர் எத்தனை புள்ளி எடுத்தார், எத்தனை ஃபவுல் செய்தார், அணி எத்தனை முறை இடைநிறுத்தம் கேட்டது, ஒவ்வொரு காற்பகுதியின் முடிவில் எண்ணிக்கை என்ன என்பனவே அவை. கூடையில் பட்டுத் தெறித்த பந்தை எகிறிப் பிடித்தவர் யார் என்பதற்கு அத்தாளில் கட்டமே இல்லை. உடனாட்டக்காரருக்கு நல்ல பாஸ் கொடுத்துப் புள்ளிக்கு வழிவகுத்தவர் பெயரும் அதில் ஏறுவதில்லை. இவற்றைக் குறிக்க வேண்டுமாயின் தனியே ஒருவர் அமர்ந்து எழுத வேண்டும். பெரிய பன்னாட்டுப் போட்டிகளில் அதற்கென ஆட்கள் உண்டு. பள்ளிப் போட்டியிலும் மாவட்டப் போட்டியிலும் அந்த இருக்கை பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும்.

எனவேதான், ஒருவரது திறமையைக் கேட்டால் பெரும்பாலோர் அவர் எடுத்த புள்ளிகளைச் சொல்கின்றனர். புள்ளி முக்கியமே, புள்ளி இன்றி வெற்றி இல்லை. ஆனால் அது எவ்வளவு செலவில் கிடைத்தது என்பதையும் பார்த்தாக வேண்டும். இரண்டு ஆட்டக்காரிகள் ஆளுக்கு 18 புள்ளிகள் எடுத்ததாகக் கொள்ளலாம். முதலாமவர் இரு புள்ளி எறிகளையே எறிந்தார்; 20 எறிகளில் 9 கூடையில் விழுந்தன. அவரது வெற்றி விழுக்காடு 45. இரண்டாமவர் தொலைவிலிருந்து மூன்று புள்ளி எறிகளை மட்டும் எறிந்தார். 15 எறிகளில் 6 விழுந்தன. விழுக்காடு 40. வெறும் விழுக்காட்டைப் பார்ப்பவர் முதலாமவரே குறி தவறாதவர் என்பார். உண்மை அதுவன்று. இரண்டாமவர் அதே 18 புள்ளிகளை ஐந்து எறிகள் குறைவாகவே எடுத்து எட்டியிருக்கிறார். மிஞ்சிய ஐந்து வாய்ப்புகளும் அணியில் மற்றவர்க்குக் கிடைத்தன. இக்குறையைப் போக்கவே மூன்று புள்ளி எறி ஒவ்வொன்றையும் ஒன்றரை எறியாகக் கணக்கிடும் முறை தோன்றியது. அதன்படி இரண்டாமவர் பெறுவது 60 விழுக்காடு. முதலாமவர் 45-இலேயே நிற்கிறார்.

தவறிய எறிகள் ஒன்றும் வீணாக மறைந்துவிடுவதில்லை. வளையத்தில் பட்டுத் தெறிக்கும் பந்து யார் கைக்குப் போகிறதோ, அடுத்த வாய்ப்பு அந்த அணிக்கே. அவ்வாறு பந்தைக் கைப்பற்றுவதை ரீபவுண்ட் என்பர். சிறந்த தொழில்முறை அணிகள் ஒவ்வொரு முறை பந்தைப் பெறும்போதும் சராசரியாக ஒரு புள்ளிக்குச் சற்று மேலாக எடுக்கின்றன. ஆகவே ஒரு ரீபவுண்டைப் பிடிப்பவர், கூடையில் எதையும் போடாமலேயே ஏறத்தாழ ஒரு புள்ளியின் மதிப்புடைய ஒன்றைத் தம் அணிக்குச் சேர்க்கிறார் எனலாம். கூடைக்கு அருகே நிற்கும் கீது போன்ற உயர்ந்த ஆட்டக்காரரின் உழைப்பில் பெரும்பகுதி இத்தகையது. ஆட்டத்தாளில் அதற்கு இடமில்லை என்பதே வருத்தத்துக்குரியது.

அமெரிக்காவிலும் நெடுநாள் இதே நிலைதான் இருந்தது. பில் ரஸ்ஸல் என்பவர் பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்காக 13 பருவங்கள் ஆடினார். அவற்றுள் 11 பருவங்களில் அவரது அணியே வாகை சூடியது. இவ்வளவுக்கும் அவர் ஓர் ஆட்டத்தில் எடுத்த புள்ளிகளின் சராசரி 15.1 மட்டுமே. புள்ளியை மட்டும் பார்ப்பவருக்கு அவர் நல்ல ஆட்டக்காரர்களுள் ஒருவர், அவ்வளவே. ரீபவுண்டுகள் அப்போது எண்ணப்பட்டு வந்தமையால், அவரது சராசரி 22.5 என்பது இன்று தெரிகிறது. ஆனால் அவரது தனிச்சிறப்பு எதிரணியின் எறியை வானிலேயே தட்டித் தடுப்பது. அதற்குக் கணக்கே இல்லை. அக்கூட்டமைப்பு எறித் தடுப்புகளைப் பதிவு செய்யத் தொடங்கியது 1973–74 பருவத்தில். ரஸ்ஸல் ஓய்வு பெற்றதோ 1969-இல். அவர் மொத்தம் எத்தனை எறிகளைத் தடுத்தார் என்பதை இனி எவராலும் சொல்ல இயலாது. கண்டவர்களின் நினைவே அதற்குச் சான்று.

ரீபவுண்ட், பாஸ், தடுப்பு ஆகிய அனைத்தையும் எண்ணிவிட்டாலும் முழுமை கிட்டிவிடுமா? எதிரணியின் சிறந்த ஆட்டக்காரியை நிழல்போல் தொடர்ந்து, அவர் கைக்குப் பந்தே போகாதபடி பார்த்துக்கொள்பவரின் உழைப்பு எந்தக் கட்டத்திலும் ஏறாது. உயரமான ஒருவரைத் தடுக்க எதிரணியினர் இருவர் ஓடிவர, அதனால் காவலின்றி நிற்கும் இன்னொருவர் எளிதில் புள்ளி எடுப்பதும் உண்டு. அப்புள்ளி எறிந்தவர் கணக்கில்தான் சேரும். இவற்றையும் உள்ளடக்கி அளப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஓர் ஆட்டக்காரர் களத்தில் இருந்த நேரத்தில் அணி எடுத்த புள்ளிகளிலிருந்து அதே நேரத்தில் எதிரணி எடுத்த புள்ளிகளைக் கழிப்பதே அது. ஐஸ் ஹாக்கி ஆட்டத்திலிருந்து வந்த இம்முறைக்குக் கூட்டல்-கழித்தல் கணக்கு எனப் பெயர் வழங்கலாம்.

பெருமாட்டியில் ஒரு பள்ளி அணியும் சித்தூரில் ஒரு பள்ளி அணியும் மோதுவதாகக் கற்பனை செய்தால் இது விளங்கும். பெருமாட்டி அணி 48–44 என வெல்கிறது. அவ்வணியில் 4-ஆம் எண் சட்டை அணிந்தவர் 32 நிமிடங்கள் ஆடி 22 புள்ளிகள் எடுக்கிறார். 9-ஆம் எண்ணுக்குரியவர் 24 நிமிடங்கள் ஆடி 3 புள்ளிகளே எடுக்கிறார். மறுநாள் காலைக் கூட்டத்தில் கைதட்டல் யாருக்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது கணக்கைப் பார்க்கலாம். 4-ஆம் எண் களத்தில் இருந்தபோது இரு அணிகளும் 36–36 எனச் சமமாக இருந்தன. அவர் அமர்ந்திருந்த எட்டு நிமிடங்களில் அணி 12–8 என முந்தியது. 9-ஆம் எண் ஆடிய நேரத்தில் 32–22, அதாவது பத்துப் புள்ளிகள் கூடுதல். அவர் அமர்ந்திருந்தபோது 16–22, ஆறு புள்ளிகள் குறைவு. வெற்றியின் வேர் யாரிடம் இருந்தது என்னும் ஐயம் இப்போது எழுகிறது அல்லவா?

ஐயம் எழலாம், முடிவுக்கு வந்துவிடக் கூடாது. 9-ஆம் எண் ஆடிய நிமிடங்களில் சித்தூர் அணியின் தலைசிறந்த ஆட்டக்காரி ஓய்வில் இருந்திருக்கலாம். அல்லது பெருமாட்டி அணியின் 7-ஆம் எண்ணே உண்மையில் ஆட்டத்தை நடத்தியிருக்க, 9-ஆம் எண் பெரும்பாலும் அவரோடு சேர்ந்து களமிறங்கியிருக்கலாம். நல்ல கூட்டாளியோடு ஆடுபவரின் கணக்கு தானே உயரும். இச்சிக்கலை அவிழ்க்கப் புள்ளியியலாளர் கையாளும் வழி பள்ளிக் கணக்குப் பாடத்தில் வரும் சமன்பாட்டின் விரிவே ஆகும். இரண்டு சமன்பாடுகளைக் கொண்டு இரண்டு மாறிகளின் மதிப்பைக் காண்பது மாணவர் அறிந்ததே. ஒவ்வொரு முறை ஆட்டக்காரர் மாறும்போதும் களத்தில் உள்ள பத்துப் பேரின் சேர்க்கை மாறுகிறது. அவ்வொவ்வொரு சேர்க்கையும் ஒரு சமன்பாடு. ஒவ்வோர் ஆட்டக்காரரின் பங்கும் மதிப்பறியாத ஒரு மாறி. ஒரு பருவம் முழுவதும் இவ்வாறு சேரும் பல்லாயிரம் சமன்பாடுகளைக் கணினியில் இட்டு, அவை அனைத்துக்கும் இயன்றவரை பொருந்தும் மதிப்புகளைக் காண்கின்றனர். உடனாடியவர் யார், எதிரே நின்றவர் யார் என்பவற்றின் விளைவு இதனால் பெரிதும் கழிந்துபோகிறது.

இக்கணக்கின் பயனை அண்மைக்கால இளைஞர் ஒருவரிடம் தெளிவாகக் காணலாம். பிரான்சு நாட்டில் 2004-ஆம் ஆண்டு பிறந்த விக்டர் வெம்பன்யாமா ஏழடி நான்கு அங்குல உயரமுடையவர். 2023-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் அந்தோனியோ ஸ்பர்ஸ் அணி முதல் தேர்வாக இவரைத் தெரிந்தெடுத்தது. அதற்கு முந்தைய பருவத்தில் அவ்வணி 82 ஆட்டங்களில் 22-இல் மட்டுமே வென்றிருந்தது. புதியவர் வந்ததும் எல்லாம் மாறிவிடும் என்று ஊரே எதிர்பார்த்தது. பருவம் முடிந்தபோது அணியின் வெற்றிகள் எத்தனை? அதே 22. தொடர்ந்து 18 ஆட்டங்களில் தோற்ற அவலமும் அப்பருவத்தில் நேர்ந்தது. வெற்றிப் பட்டியலை மட்டும் வைத்திருப்பவர், அந்த இளைஞரால் ஒரு மாற்றமும் விளையவில்லை என்றே எழுதுவார்.

ஆட்டத்தை நிமிடம் நிமிடமாகப் பிரித்தவர்கள் வேறொன்றைக் கண்டனர். வெம்பன்யாமா களத்தில் நின்ற நேரத்தில் எதிரணிகள் கூடையை நெருங்கவே தயங்கின. புள்ளி எடுப்பது அவற்றுக்குக் கடினமாயிற்று. அவர் ஓய்வுக்குச் சென்றதும் அதே எதிரணிகள் தடையின்றிப் புள்ளி குவித்தன. முதல் பருவத்திலேயே ஆட்டத்துக்கு 21.4 புள்ளிகள், 10.6 ரீபவுண்டுகள், 3.6 எறித் தடுப்புகள் என்பது அவரது சராசரி. சராசரியாக முப்பது நிமிடங்களுக்கும் குறைவாகவே அவர் ஆடினார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கு ஓர் ஆட்டம் 48 நிமிடம் நீடிக்கும். அவ்வாண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றார். முதல் பருவத்திலேயே தடுப்பாட்டச் சிறப்பணியின் முதல் ஐவருள் ஒருவராகத் தெரிவு செய்யப்பட்டவர் அவருக்கு முன் எவரும் இல்லை. அணி தோற்றது உண்மை. அவர் ஆடிய நிமிடங்கள் வேறு கதை சொன்னதும் உண்மை. அடுத்த பருவத்தில் ஸ்பர்ஸ் 34 ஆட்டங்களில் வென்றது. தோள்பகுதியில் குருதி உறைந்தமையால் அப்பருவத்தின் பிற்பகுதியில் அவர் ஆட முடியாமற்போன போதிலும் இவ்வெண் கிட்டியது.

மகளிர் ஆட்டத்தில் இதற்கு எதிரான எடுத்துக்காட்டும் உண்டு. கெய்ட்லின் கிளார்க் என்னும் அமெரிக்கப் பெண் 2024-ஆம் ஆண்டு இந்தியானா ஃபீவர் அணியில் சேர்ந்தார். முந்தைய ஆண்டு 40 ஆட்டங்களில் 13 வெற்றி பெற்ற அவ்வணி, அவ்வாண்டு 20 வெற்றி பெற்றது. ஏழும் அவரால் வந்தவை எனச் சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அணியின் மற்ற இளையோரும் ஓராண்டு முதிர்ச்சி பெற்றிருந்தனர். கிளார்க்கின் சராசரியிலேயே இரு முகங்கள் உள்ளன: ஆட்டத்துக்கு 8.4 முறை பாஸ் கொடுத்து உடனாட்டக்காரரைப் புள்ளி எடுக்கச் செய்தார், 5.6 முறை பந்தை எதிரணியிடம் இழந்தார். துணிந்து பாஸ் கொடுப்பவர் கையிலிருந்தே பந்து பறிபோகும். ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டிப் புகழ்வதும் இகழ்வதும் நேர்மையாகாது.

இந்த அளவுகோல்களோடு மீண்டும் கீது அன்னா ஜோஸிடம் வந்தால், ஓர் இடைவெளி கண்ணில் படுகிறது. வெம்பன்யாமாவின் ஒவ்வொரு நிமிடமும் பதிவாகியிருக்கிறது. கீது தம் இளமையில் ஆடிய உள்நாட்டு ஆட்டங்களைப் பற்றி ஆட்டத்தாள் காட்டக்கூடியது புள்ளியும் ஃபவுலும்தான். அவர் களத்தில் இருந்த நேரமும் இல்லாத நேரமும் பிரித்து எழுதப்படாவிடின், எந்தக் கணினியும் அவரது பங்கைக் கணக்கிட இயலாது. ஓர் இடத்தில் எடுத்த 20 புள்ளி வேறோர் இடத்தின் 20 புள்ளிக்கு ஈடாகாது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். எதிரே நிற்பவரின் வலிமையைப் பொறுத்தே எண்ணுக்கு எடை. 2011-ஆம் ஆண்டில் சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் அந்தோனியோ அணிகளின் தேர்வுப் பயிற்சியில் கலந்துகொண்ட அவருக்கு அங்கு நிலையான இடம் கிட்டவில்லை. பருவக்கணக்கில் சேர்ந்த எண்களோடு வரும் அமெரிக்கக் கல்லூரி மாணவியர் இடையே, சில நாள் பயிற்சியை மட்டும் சான்றாகக் கொண்டு ஓர் இந்தியப் பெண் நின்றார். ஓர் ஆட்டத்தின் கணக்கே ஏமாற்றக்கூடியது என்றால், சில நாள் பார்வை எவ்வளவு ஏமாற்றும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

எண்ணால் பிடிக்கவே முடியாத செல்வாக்கும் உண்டு. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணியின் தலைவியானார். தாயான பின்னும் நாட்டு அணிக்குத் திரும்பி ஆடினார். 2017-ஆம் ஆண்டு பெங்களூருவில் ஆசியக் கோப்பைக்கான இரண்டாம் பிரிவுப் போட்டிகள் நடந்தன. அதன் இறுதியாட்டத்தில் இந்திய மகளிர் அணி கஜகஸ்தானை 75–73 என வென்று முதல் பிரிவுக்கு உயர்ந்தது. அவ்வணியில் அனிதாவும் இருந்தார். 2021-ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இரண்டே புள்ளி இடைவெளியில் முடிந்த ஆட்டத்தில், முதல் காற்பகுதியில் ஒருவர் பிடித்த ரீபவுண்டும் கடைசி நிமிடத்தில் விழுந்த கூடையும் எடையில் சமமே. பதற்றமான வேளையில் இளையோரைத் தட்டிக்கொடுத்து நிறுத்தும் மூத்தவரின் ஒரு சொல்லுக்கு மட்டும் கட்டம் வரைந்தவர் இன்னும் இல்லை.

மற்றவற்றுக்குக் கட்டம் வரையலாம். அதற்குக் கணினி வேண்டியதில்லை. கோடு போட்ட குறிப்பேடும் பென்சிலும் கடிகாரமும் போதும். பள்ளி மைதானத்தில் ஆட்டம் தொடங்குமுன் பக்கத்தின் இடப்புறத்தில் பத்துச் சட்டை எண்களையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஒருவர் வெளியேறி இன்னொருவர் உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் நேரத்தையும் அப்போதைய எண்ணிக்கையையும் குறிக்க வேண்டும். ரீபவுண்டுக்கு ஒரு கோடு, புள்ளிக்கு வழிவகுத்த பாஸுக்கு ஒரு சுழி, எறித் தடுப்புக்கு ஒரு பெருக்கல் குறி. இருவர் சேர்ந்து எழுதினால் பிழை குறையும். ஒருவர் களத்தைப் பார்த்துச் சொல்ல மற்றவர் குறிக்கலாம். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே கூட்டல்-கழித்தல் கணக்கை எழுதி, தேதியும் எதிரணியின் பெயரும் இட்டுப் பாதுகாக்க வேண்டும். ஒரு பருவத்தில் பத்து ஆட்டங்களின் பக்கங்கள் சேர்ந்தால், 3 புள்ளி மட்டுமே எடுத்த 9-ஆம் எண் ஆட்டக்காரியைப் பற்றிப் பேச ஆசிரியரிடம் சான்று இருக்கும்.